நோம்பிக்குச் செத்தவன்

தீவாளிக்கு ஒரு வாரம் தறி நிறுத்தினால்
சோமனூரில் யாருக்கும் காது கம்முனு இருக்காது.
சத்தம் நின்ற இடத்தில் இன்னொரு சத்தம்.
டீக்கடையில் ஒட்டி உட்கார்ந்தவரிடம்
பத்துத் தறிக்கு அக்கட்ட நிற்பவரைக் கூப்பிடுவதாட்ட
"சக்கரை கம்மியாங்க்?" என்று கத்துவோம்.
இந்த ஊர் நாடகத்துக்கு மைக் எதற்கு?

செல்வி தியேட்டரில் படம் ஓட்டிப் பதினோரு வருசம்.
இப்போது நூல் குடோன்.
பேல்களைப் பின்னால் அடுக்கினால் பால்கனி,
முன்னால் தார்ப்பாய் விரித்தால் தரை டிக்கெட்.
திரை இருந்த சுவர் மட்டும் இன்னும் வெள்ளை.
அதற்கு முன்னால்தான்
ராத்திரி எட்டேகாலுக்கு நான் செத்துக் கிடந்தேன்.

நாடகத்தின் பேர் "ஒறம்பரைக்கு ஒரு உயில்."
எழுதினது சொசைட்டி பேங்க் கேஷியர் திருமலைசாமி.
"உனக்கு வசனமே இல்ல, மறக்கறதுக்கு ஒண்ணுமில்ல"
என்று பொணத்தை எனக்குக் கொடுத்தான்.
நாலு வருசம் முந்தி நான் போலீசாக வந்து
திருடனுக்குச் சல்யூட் வைத்ததை
அவன் மறக்கவில்லை.

ஐஸ் பெட்டி நிஜம். வாடகை எண்ணூறு.
மூச்சுக்கு, மூடியின் கீழே ஒரு தார்க்குச்சி.
"பிளக் குத்தமாட்டோம்" என்றார்கள்.
குத்திவிட்டார்கள்.

பொண்டாட்டி வேசம் பிட்டர் குமரேசன்.
மீசையை எடுக்க மாட்டேன் என்று
முந்தானையால் வாயை மூடிக்கொண்டே அழுதான்.
"என்ற ராசா! பீரோச் சாவிய எங்க வெச்சே!"
மாரில் அடிக்கக் கையை எடுத்தபோதெல்லாம்
மீசை வந்து எட்டிப் பார்க்கும்.
தியேட்டர் குலுங்கும்.
எனக்குக் காலில் ஆரம்பித்த குளிர்
இடுப்புக்கு வந்திருந்தது.

மாலை போடுகிற கட்டம்.
பங்காளி ஒருத்தன், பக்கத்து ஊட்டுக்காரன் ஒருத்தன்,
மூன்றாவதாக ஏறி வந்தது
நாடகத்திலேயே இல்லாத ஆள்:
பைனான்ஸ் அவிநாசியப்பன்.
தட்டத்தில் மிஞ்சின மாலையை எடுத்தார்.
கண்ணாடிக்கு மேல் குனிந்தார்.
ரகசியமாகச் சொல்வதாக நினைத்து
தறிக்காரர் தொண்டையில் சொன்னார்:
"மூணு தவணைங்க.
ஊட்டுக்கு வந்தா ஊர்லயே இல்லைங்கறாங்க.
செத்துப் போனதை ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாமல்லங்க."

பேல் மேல் இருந்தவர்கள் தரைக்கு உருண்டார்கள்.
ஓரத்தில் திருமலைசாமி
இது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று
நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.
குமரேசன்தான் சமாளித்தான்:
"அவுரே போயிட்டாருங்க,
வேணும்னா பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போங்க!"

அப்போது கேட்டது.
முந்நூறு பேர் சிரிப்பில்
விக்கலில் போய் முடிகிற ஒன்று.
சாந்தாமணி.
நாலு தறியில் இரண்டைக் கொடுத்த ஐப்பசிக்கப்புறம்
ஊட்டில் அதைக் கேட்கவில்லை.
ஊரில் இல்லை என்று வாசலில் நின்று
சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

கண்ணை இறுக்கிப் படுத்திருந்தேன்.
கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது.
வட்டமாய்ப் பனி படிந்து, கலைந்து,
மறுபடி படிந்தது.
முன்வரிசையில் ஒரு பொடியன் எழுந்து நின்றான்:
"அப்பா, பொணம் மூச்சுடுது!"
நான் தும்மினேன்.
மூடியில் தலை இடித்தது.

உயில் படிக்கிற கட்டம் வரவே இல்லை.
அதற்காகத் திருமலைசாமி வாங்கி வைத்த
ஐம்பது ரூபாய்ப் பத்திரத்தில்
அப்புறம் யாரோ முறுக்கு மடித்துத் தின்றார்கள்.

ஊட்டுக்கு நடந்து வந்தோம்.
அவளுக்கு விக்கல் இன்னும் நிற்கவில்லை.
டிவிஎஸ்ஸை மெதுவாக்கினார் அவிநாசியப்பன்:
"அடுத்த நோம்பிக்கு எனக்கும் ஒரு வேசம்
போட்டுத் தரச் சொல்லுங்க.
திங்கக்கெழமை வாறனுங்க."

சிவப்பு விளக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி மறைந்தது.
"திங்கக்கெழமைக்கு
என்னங்க சொல்லட்டும்?" என்றாள்.

எனக்குத்தான் வசனம் இல்லையே.
இன்னொரு தும்மல் போட்டேன்.